தொட்டுப் பார்த்து அளக்கும் இயந்திரம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

காலை ஆறு மணிக்குத் தாமல் நெடுஞ்சாலையோரம் நின்றால், கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கு நோக்கி விரைவதைக் காணலாம். சில ஸ்ரீபெரும்புதூருக்கும், சில ஒரகடத்திற்கும், சில இருங்காட்டுக்கோட்டைக்கும் செல்கின்றன. நம் ஊர் அண்ணன்மாரும் அக்காமாரும் அவற்றில் ஏறிப் போகிறார்கள். அங்கே என்ன வேலை என்று கேட்டால், "லைன்ல நிக்கிற வேலைம்மா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். தொழிற்சாலை வேலை என்றாலே கால் கடுக்க நிற்பதும், எண்ணெய்க் கறையும், இரைச்சலுந்தான் என்று நாங்களும் எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு கல்விச் சுற்றுலாவில் ஒரு தொழிற்சாலையைப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது.

அங்கே இரைச்சலுக்கு நடுவில் கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அறை இருந்தது. உள்ளே நுழைந்தவுடன் குளிர் எங்களைத் தாக்கியது. அறையின் நடுவில் கரிய கல்லாலான பெரிய மேசை. அதன்மேல் பாலம் போன்ற ஓர் அமைப்பு. பாலத்திலிருந்து தொங்கிய கம்பியின் நுனியில் சிவப்பு மணி ஒன்று. வெள்ளைக் கோட்டு அணிந்த ஓர் அக்கா கணிப்பொறி முன் உட்கார்ந்து ஏதோ தட்டினார். உடனே அந்தப் பாலம் ஓசையின்றி நகர்ந்து, மேசைமேல் இருந்த அலுமினிய வார்ப்பை அந்தச் சிவப்பு மணியால் தொட்டது. 'டிக்' என்றது. விலகியது. மறுபடி தொட்டது. மனிதர் கை படாமலேயே ஐந்து நிமிடத்தில் நாற்பது இடங்களைத் தொட்டுவிட்டு, தன் இடத்திற்குப் போய் நின்றுகொண்டது. எங்களோடு வந்த சிஸ்டர், "இது என்னம்மா?" என்று கேட்டார்கள். அந்த அக்கா சிரித்துக்கொண்டே, "இது உங்க பத்தாங்கிளாஸ் கணக்குதான் சிஸ்டர். ஆயத்தொலை வடிவியல்" என்றார்.

எங்களில் பலருக்கு அந்தப் பாடம் அவ்வளவு பிடிக்காது என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

அந்த இயந்திரத்தின் பெயர் ஆயத்தொலை அளவிடும் இயந்திரம். தொழிற்சாலையில் அதைச் சுருக்கமாகச் 'சி.எம்.எம்.' என்கிறார்கள். அதற்குக் கட்டளை எழுதித் தரும் பணியே சி.எம்.எம். புரோகிராமர் பணி. அது என்ன, அதற்கு நாம் எப்படிப் போகலாம் என்று திரும்பி வந்தபின் எங்கள் கணித ஆசிரியையிடமும் அந்த அக்காவிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

அளப்பதும் சரிபார்ப்பதும் நம் மாவட்டத்திற்குப் புதியவை அல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு பொன் வாரியம் என்று ஒன்றும் இருந்தது. பொன்னின் தரம் பார்ப்பது அதன் பணி. செய்தவனே தன் பொருளைச் சரி என்று சொன்னால் போதாது, வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் நம் முன்னோருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. அவர்கள் கணக்கில் முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய பின்னத்திற்கும் பெயர் வைத்து வழங்கியவர்கள் அவர்கள்.

இன்றைய தொழிற்சாலையில் வழங்கும் சிறு அளவு மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். வண்டி எஞ்சினில் ஒன்றோடொன்று பொருந்தி ஓடும் பாகங்களில் பத்து, இருபது மைக்ரான் வேறுபாடே அதிகம். ஸ்கேலால் இதை அளக்க இயலாது. நாம் ஆய்வகத்தில் பயன்படுத்தும் வெர்னியர் காலிப்பரும், திருகு அளவியும் ஒரு கம்பியின் விட்டத்தைச் சொல்லும். ஆனால் ஒரு வார்ப்பில் சாய்வாகத் துளைத்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே எவ்வளவு தொலைவு, அவை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்துள்ளன என்று கேட்டால் அவை கைவிரித்துவிடும். துளையின் மையத்தில் இரும்பே இல்லையே, எதைத் தொட்டு அளப்பது!

இந்தச் சிக்கல் முதலில் மேல்நாட்டாரைத்தான் வாட்டியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், எண்களால் கட்டுப்படுத்தப்படும் கடைசல் இயந்திரங்கள் வந்தன. அவை பாகங்களை விரைவாகச் செய்து தள்ளின. அவற்றைச் சரிபார்ப்பதற்கோ செய்வதைவிட அதிக நேரம் பிடித்தது. இதற்குத் தீர்வாக 1950களின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்தில் ஃபெராண்டி என்ற நிறுவனம் இவ்வகை அளவு இயந்திரத்தை உருவாக்கியது. ஆனால் தொடக்கத்தில் அதன் நுனி விறைப்பானது. மனிதர் கையால் அழுத்திப் பிடித்து அளக்க வேண்டும். ஒருவர் அழுத்துவதுபோல் இன்னொருவர் அழுத்துவதில்லை அல்லவா?

அந்தக் குறையைப் போக்கியவர் டேவிட் மெக்மர்ட்ரி என்ற பொறியாளர். அவர் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றினார். ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டு விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினுக்கான மெல்லிய எரிபொருள் குழாய்களைத் துல்லியமாக அளக்க வேண்டியிருந்தது. விறைப்பான நுனியால் அழுத்தினால் குழாயே வளைந்துவிடும். 1972-இல் அவர் ஒரு வழி கண்டார். நுனியைத் தாங்கும் பகுதிக்கு மூன்று கால்கள். ஒவ்வொரு காலும் இரண்டிரண்டு புள்ளிகளில் மட்டும் அமர்ந்திருக்கும். அவற்றின் வழியே மெல்லிய மின்னோட்டம் ஓடும். நுனி எதையாவது இலேசாகத் தொட்டாலும் ஒரு கால் தூக்கப்படும், மின்னோட்டம் தடைபடும், அந்த நொடியில் இயந்திரம் தான் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளும். தொட்டவுடன் விலகிவிடலாம். விலகியதும் கால்கள் பழைய இடத்திலேயே வந்து அமரும். அடுத்த ஆண்டே அவரும் ஜான் டியர் என்பவரும் சேர்ந்து ரெனிஷா என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். நாங்கள் கேட்ட 'டிக்' ஓசை இந்தக் கண்டுபிடிப்பின் ஓசைதான்.

நுனியில் உள்ள சிவப்பு மணி செயற்கை மாணிக்கம். கடினமானது, எளிதில் தேயாதது, வழவழப்பானது. பாலம் ஓசையின்றி நகர்வதற்குக் காரணம் அது காற்றின்மேல் மிதப்பதே. அழுத்தப்பட்ட காற்று மெல்லிய படலமாக வழிகாட்டிகளின் மீது பரவி நிற்கிறது. அதனால் அந்தக் காற்றில் ஈரமோ எண்ணெயோ இருக்கக் கூடாது. காலையில் வந்தவுடன் முதல் வேலை வழிகாட்டிகளைத் துடைப்பதுதான் என்றார் அக்கா. "எவ்வளவு பெரிய மெஷினா இருந்தாலும் நம்ம வீட்டு வேலை மாதிரி துடைக்கிறதுலதான் ஆரம்பம்" என்றார்.

இனிப் பாடத்திற்கு வருவோம்.

இயந்திரம் தருவது ஒவ்வொரு தொடுதலுக்கும் மூன்று எண்கள், அவ்வளவே. இடம்-வலம், முன்-பின், மேல்-கீழ். நாம் வகுப்பில் x, y என்று இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். அங்கே z-உம் உண்டு. ஒரு துளையின் உட்சுவரை மூன்று இடங்களில் தொட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போது மணியின் மையம் இருந்த இடங்கள் (0,0), (8,0), (0,6) என்க. அளவுகள் மில்லிமீட்டரில். இம்மூன்று புள்ளிகள் வழியே செல்லும் வட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் சுற்றுவட்ட மையம் வரைந்தோமே, அதேதான். இது செங்கோண முக்கோணம். ஆகவே மையம் கர்ணத்தின் நடுப்புள்ளி, அதாவது (4,3). அங்கிருந்து (0,0) வரை உள்ள தொலைவு 16+9-இன் வர்க்கமூலம், 5. ஆரம் 5 மி.மீ.

ஆனால் துளையின் ஆரம் 5 அன்று! இயந்திரம் குறித்துக்கொண்டது மணியின் மையத்தை. மணியின் விட்டம் 2 மி.மீ. என்றால் அதன் ஆரம் 1. மணியின் மையத்திலிருந்து இன்னும் 1 மி.மீ. தள்ளித்தான் துளையின் சுவர் இருக்கிறது. எனவே துளையின் ஆரம் 6, விட்டம் 12. இதுவே துளையாக இல்லாமல், வெளிப்புறமாகத் தொட்ட ஓர் உருளையாக இருந்தால் 1-ஐக் கழிக்க வேண்டும்; ஆரம் 4, விட்டம் 8. உள்ளே தொட்டோமா, வெளியே தொட்டோமா என்பதைத் தவறாகச் சொல்லிவிட்டால் 12 மி.மீ. துளை 8 மி.மீ. என்று அறிக்கையில் வந்துவிடும். இயந்திரம் மறுப்புச் சொல்லாது. மணியின் அளவும் தேய்மானத்தால் மாறலாம் என்பதால், அளவு தெரிந்த ஒரு கோளத்தை முதலில் தொடவைத்து மணியைச் சரிபார்த்த பிறகே வேலையைத் தொடங்குவார்கள்.

மூன்று புள்ளி போதுமா என்று எங்களுக்கு ஐயம் வந்தது. சோதித்துப் பார்த்தோம். மதிய உணவு டப்பாவின் எவர்சில்வர் மூடி ஒன்றை, பலமுறை கீழே விழுந்து நசுங்கியதாகப் பார்த்து எடுத்துக்கொண்டோம். வரைபடத்தாளில் வைத்து ஓரத்தை வரைந்தோம். ஆறு குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் தாம் விரும்பிய மூன்று புள்ளிகளைக் குறித்து மையமும் ஆரமும் கண்டோம். ஆறு குழுக்களுக்கும் ஆறு விடைகள்! வேடிக்கை என்னவெனில், ஒவ்வொரு குழுவும் தங்கள் வட்டம் தங்கள் மூன்று புள்ளிகளிலும் அணுவளவும் பிசகாமல் பொருந்துவதாகப் பெருமைப்பட்டுக்கொண்டது. பொருந்தத்தான் செய்யும். ஒரே கோட்டில் அமையாத எந்த மூன்று புள்ளிகள் வழியாகவும் ஒரு வட்டம் வரையலாம். ஆகவே மூன்றே புள்ளி தொட்டால் நசுங்கிய மூடியும் சரியான வட்டமாகவே தோன்றும். நான்காவது புள்ளி வந்தால்தான் பொய் வெளிப்படும். பிறகு எல்லாருமாகப் பன்னிரண்டு புள்ளிகள் குறித்தோம். அப்போதுதான் நசுங்கிய இடம் தனியே தெரிந்தது. எத்தனை புள்ளி, எந்தெந்த இடத்தில் என்று முடிவு செய்வது புரோகிராமரின் பொறுப்பு. குறைத்தால் பிழை மறைந்துகொள்ளும். அளவுக்கு மீறிக் கூட்டினால் ஒரு பாகத்திற்கே அரை மணி நேரம் பிடிக்கும், வெளியே லாரி காத்துக்கொண்டிருக்கும்.

இதற்கும் முன்னதாகச் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. பாகத்தை மேசைமேல் எப்படியோ வைக்கிறோம், கோணலாகவும் இருக்கலாம். அது எங்கே இருக்கிறது என்று இயந்திரத்திற்கு முதலில் தெரிவிக்க வேண்டும். இதற்கு '3-2-1' என்ற முறை. பாகத்தின் மேற்பரப்பில் மூன்று புள்ளிகளைத் தொட்டால் ஒரு தளம் கிடைக்கிறது. மூன்று கல் வைத்த அடுப்பு ஆடாது, நான்கு கால் பெஞ்சு ஆடும், அதே கணக்குதான். பக்கச் சுவரில் இரண்டு புள்ளிகள் தொட்டால் ஒரு கோடு கிடைக்கிறது. பாகம் எந்தத் திசையில் திரும்பி இருக்கிறது என்று தெரிந்துவிடும். மற்றொரு பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி. ஆதிப்புள்ளி எங்கே என்று தெரிந்துவிடும். ஆக ஆறு தொடுதல்கள். பாகம் நகரவும் சுழலவும் உள்ள ஆறு வழிகளும் இவ்வாறு அடைபட்டுவிடுகின்றன. வகுப்பறை மூலையில் ஒரு புத்தகத்தைத் தரையில் வைத்து, ஒரு சுவரோடு சேர்த்துத் தள்ளி, பின் அடுத்த சுவர்வரை நகர்த்திப் பாருங்கள். புரிந்துவிடும்.

புரோகிராம் என்றதும் ஏதோ மந்திரம் என்று நினைக்க வேண்டா. சாரமாகப் பார்த்தால் "இங்கே போ, இதைத் தொடு, விலகி நில், அடுத்த இடம் போ, இத்தனை புள்ளிகளைச் சேர்த்து வட்டமாக்கு, அதை வரைபடத்தோடு ஒப்பிடு" என்ற கட்டளைகளின் வரிசையே. டி.எம்.ஐ.எஸ். என்று இதற்கெனப் பொதுமொழி ஒன்று இருக்கிறது. பி.சி.-டிமிஸ், கலிப்சோ, எம்காஸ்மாஸ் என்று ஒவ்வொரு நிறுவனத்திற்கும் ஒரு மென்பொருள் உண்டு. கணிப்பொறியில் உள்ள பாகத்தின் உருவத்தை வைத்துக்கொண்டு, இயந்திரம் அருகில் இல்லாமலேயே எழுதவும் முடிகிறது. ஆனால் இயந்திரத்திற்குக் கண் கிடையாது. ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குப் போகும்போது நடுவில் ஒரு திமில் இருந்தால் அதன்மேல் மோதும். அதனால் 'முதலில் மேலே எழு, பிறகு நகர்' என்று சொல்ல வேண்டும். அந்த அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் அந்த ஒரு வரியை மறந்துவிட்டாராம். கம்பி முறிந்து மாணிக்க மணி தரையில் உருண்டது. "அன்னைக்கு முழுக்க அழுதேன். அதுக்கப்புறம் எந்தப் புது புரோகிராமையும் மெதுவா, விரலை ஸ்டாப் பட்டன்மேல வச்சுக்கிட்டுத்தான் ஓட்டிப் பார்ப்பேன்" என்றார்.

அறை ஏன் அவ்வளவு குளிர் என்பதையும் சொல்ல வேண்டும். உலோகம் வெப்பத்தால் விரியும் என்று இயற்பியலில் படிக்கிறோம். அதனால் நீளத்தை எந்த வெப்பநிலையில் சொல்வது என்று உலகத்தார் கூடி, 1931-இல் 20 டிகிரி செல்சியஸ் என்று முடிவு செய்தனர். அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 23 மைக்ரான் விரியும். நம் சித்திரை வெயிலில் 35 டிகிரியில் இருந்த அரை மீட்டர் நீள அலுமினியப் பாகத்தை அப்படியே கொண்டுவந்து அளந்தால், 0.5 × 23 × 15 என்று கணக்கிடுங்கள். 172 மைக்ரானுக்கு மேல் வருகிறது. இரண்டு தலைமுடித் தடிமன் அளவுக்கு நீண்டு நிற்கும். நல்ல பாகம் கெட்டதாகிவிடும், கெட்டது நல்லதாகிவிடும். ஆகவே பாகங்களை அந்த அறையிலேயே சில மணி நேரம் ஆறவிட்டு, பிறகே அளக்கிறார்கள். எவ்வளவு அவசரம் என்று மேலாளர் வந்து நின்றாலும் இரும்பு தன் நேரத்தில்தான் ஆறும்.

எங்களை மிகவும் கவர்ந்தது வேறொரு கணக்கு. ஒரு துளை வரைபடத்தில் காட்டிய இடத்தில் அப்படியே அமையாது, சிறிது விலகலாம். இடமாகவோ வலமாகவோ 1 அலகு, மேலாகவோ கீழாகவோ 1 அலகு விலகலாம் என்று அனுமதித்தால், துளையின் மையம் 2 அலகு பக்கமுள்ள ஒரு சதுரத்திற்குள் இருக்கலாம் என்று பொருள். சதுரத்தின் மூலை நடுவிலிருந்து எவ்வளவு தூரம்? பித்தாகரசு தேற்றப்படி √2, அதாவது 1.414. மூலைப் பக்கம் 1.414 விலகினால் ஏற்கிறோம். நேர் வலப்பக்கம் 1.2 விலகினால் தள்ளிவிடுகிறோம். இது என்ன நியாயம்? உள்ளே போகும் போல்ட்டுக்குத் திசை தெரியுமா? ஸ்காட்லாந்தில் டார்பிடோ தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய ஸ்டான்லி பார்க்கர் என்பவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இதைக் கேட்டார். சதுரத்திற்குப் பதில் அதன் மூலைகள் வழியே செல்லும் வட்டத்தை அனுமதிக்கலாமே என்றார். பரப்பளவைப் பாருங்கள். சதுரம் 4. வட்டம் π × 2 = 6.28. நூற்றுக்கு 57 பங்கு கூடுதல் இடம்! அதுவரை நல்ல பாகங்கள் எத்தனை வீணாகக் குப்பைக்குப் போயிருக்கும்! இன்று பொறியியல் வரைபடங்களில் காணப்படும் வடிவ, இடக் குறியீடுகள் பலவற்றிற்கு இவ்வெண்ணமே விதை. அக்குறியீடுகளைப் படிக்கத் தெரிந்தவருக்கே இப்பணியில் மதிப்பு. மென்பொருளைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். வரைபடம் கற்கத்தான் காலம் பிடிக்கும் என்று அக்கா இருமுறை சொன்னார். பத்தாம் வகுப்பு முடித்தவுடன் ஒரு குறுகிய காலப் பயிற்சிக்குப் பெரிய தொகை கட்டி, நேரே புரோகிராமராகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டா என்பதும் அவர் சொன்னதே.

பின் எப்படித்தான் போவது? பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இரண்டு நேர்வழிகள் உள்ளன. ஒன்று ஐ.டி.ஐ. அதில் ஃபிட்டர், மெஷினிஸ்ட், டர்னர், இயந்திர வரைவாளர், டூல் அண்டு டை மேக்கர் ஆகியவை இரண்டாண்டுப் படிப்புகள். சென்னைக் கிண்டியில் பெண்களுக்கென்றே அரசு ஐ.டி.ஐ. உண்டு. தமிழகத்தின் 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதிய இயந்திரங்களோடு மேம்படுத்த 2022-இல் தமிழக அரசும் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. மற்றொன்று பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு மெக்கானிக்கல் டிப்ளமா. அதை முடித்தவர் விரும்பினால் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இவை தவிர, ஹைதராபாத்தில் 1968-இல் தொடங்கப்பட்ட மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனம், 1959-இல் கேரளத்தின் நெட்டூரில் தோன்றிய என்.டி.டி.எஃப். போன்றவை கருவி செய்யும் கலையை ஆழமாகக் கற்பிக்கின்றன. பெங்களூரில் உள்ள மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம் அளவியலில் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துவதில் பெயர்பெற்றது. ஆனால் அது ஏற்கெனவே தொழிலில் இருப்போருக்கே பயன்படும்.

படித்தபின் அப்ரெண்டிஸாகச் சேர்ந்து, முதலில் வெர்னியர், மைக்ரோமீட்டர், ஹைட் கேஜ் கொண்டு அளக்கும் ஆய்வாளராக இருக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கக் கூடாதாம். கையால் அளந்து பழகியவருக்குத்தான், இயந்திரம் தவறான எண்ணைச் சொல்லும்போது "இது இருக்க முடியாதே" என்று தோன்றும். பிறகு மற்றவர் எழுதிய புரோகிராமை ஓட்டுபவர். அதன்பின் தாமே எழுதுபவர். அக்கா மெஷினிஸ்ட் படிப்பு முடித்து அப்ரெண்டிஸாகச் சேர்ந்து நான்காவது ஆண்டில் முதல் புரோகிராமை எழுதினார். ஆங்கிலம் கொஞ்சம் வேண்டும், ஏனெனில் வரைபடங்களும் மென்பொருளும் ஆங்கிலத்தில்தான். ஆனால் மேடையில் பேசும் ஆங்கிலம் அன்று. "எழுதியிருக்கிறதைப் புரிஞ்சுக்கிட்டா போதும்" என்றார்.

பெற்றோர்கள் பணத்தைப் பற்றிக் கேட்பார்கள். அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்விக்கும் டிப்ளமா, ஐ.டி.ஐ. படிப்புகளுக்கும் செல்லும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. 2024 டிசம்பரில் அது அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. அடுத்து இரவு வேலையைப் பற்றிக் கேட்பார்கள். முன்பு தொழிற்சாலைகளில் பெண்கள் இரவில் வேலை செய்யச் சட்டம் தடை விதித்திருந்தது. 2000-இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தடை செல்லாது என்று தீர்ப்பளித்து, போக்குவரத்து, பாதுகாப்பு முதலியவற்றிற்கு நிர்வாகம் பொறுப்பேற்க வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. எனவே வேலைக்குச் சேருமுன் வண்டி வாசலுக்கு வருமா, இரவில் எத்தனை பெண்கள் இருப்பார்கள் என்று கேட்பது நம் உரிமை. கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

எங்களை யோசிக்க வைத்தது இன்னொரு செய்தி. மாதக் கடைசியில் சரக்கு போக வேண்டிய அவசரத்தில், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போடும்மா" என்று சிலர் கேட்பதுண்டாம். ஓர் எண்ணை மாற்றினால் போதும், அறிக்கையில் சிவப்பாக இருப்பது பச்சையாகிவிடும். நாங்கள் பார்த்த அந்த அலுமினிய வார்ப்பு ஒரு வண்டியின் பிரேக்கைச் சேர்ந்தது. நீதிமொழிகள் நூலில் கள்ளத் தராசு கண்டிக்கப்படுவதை மறைக்கல்வி வகுப்பில் படித்தபோது, அது மளிகைக்கடைக்காரருக்குச் சொன்னது என்றே நினைத்திருந்தோம். "நீங்க என்ன செய்வீங்க அக்கா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். "மறுபடி அளப்பேன். அப்பவும் அதே எண் வந்தா அதையேதான் போடுவேன். கோவிச்சுக்குவாங்க, ரெண்டு நாள் பேச மாட்டாங்க" என்றார் அவர்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி இப்படிப்புக்குப் போவதென்று உறுதியாக இருக்கிறாள். கணிதத்தில் எங்கள் எல்லாரையும்விட மதிப்பெண் அதிகம் வாங்குபவள். அவளுடைய அப்பா பட்டுத்தறி நெய்பவர். "மெஷின் வேலையெல்லாம் பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு?" என்று முதலில் மறுத்துவிட்டார். பெற்றோர் கூட்டத்திற்கு அவர் வந்தபோது, சிஸ்டர் எங்கள் நசுங்கிய மூடியையும் வரைபடத்தாளையும் அவர்முன் வைத்து விளக்கினார்கள். அவர் தாளை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பாவில் ஓர் இழை தளர்ந்திருந்தாலும் கை வைத்தவுடனே தமக்குத் தெரியும் என்றும், கண்ணுக்குத் தெரிவது அதற்குப் பிறகுதான் என்றும் சொன்னார். அப்புறம் மூன்று புள்ளி வட்டத்தைச் சுட்டிக்காட்டி, "அப்ப இது பொய்தானே சிஸ்டர்?" என்று கேட்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஐ.டி.ஐ.க்குப் போக இங்கிருந்து எத்தனை பஸ் மாற வேண்டும், மாலை எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று மட்டும் விசாரித்தார். தேர்வு முடிவு வந்தபின் அவளையும் அழைத்துக்கொண்டு வரும்படி சிஸ்டர் சொல்லியிருக்கிறார்கள். அந்த வரைபடத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.